குறி தவறியதற்குக் காரணம் தேடியவர்

ஒரு துப்பாக்கி குறி தவறினால் பழி பெரும்பாலும் சுட்டவர் மீதே விழுகிறது. கை நடுங்கியது, மூச்சு அடங்கவில்லை, பார்வை மங்கியது என்று காரணங்கள் அடுக்கப்படும். சுட்டவர் தேர்ந்த கைகாரர் என்றால், பழி காற்றின் மீதும் மருந்தின் மீதும் போய்ச் சேரும். துப்பாக்கியின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்று பொறுமையாகப் பார்ப்பவர்கள் இன்றும் குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்படிப் பார்ப்பதற்கு ஒரு முறையே இருக்கவில்லை. உலகின் பெரும் பகுதியை ஆண்ட பிரிட்டனின் துப்பாக்கித் தொழில்கூடக் கைப்பழக்கத்தையும் ஊகத்தையுமே நம்பியிருந்தது. ஒரே மாதிரியைப் பார்த்து, ஒரே ஊரில் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளில் ஒன்று நேராகச் சுடும், மற்றொன்று சிதறும். ஏன் என்று கேட்டால், செய்தவருக்கே விடை தெரியாது.

அந்தக் கேள்விக்கு முறையாக விடை தேட முற்பட்டவர் துப்பாக்கிக் கம்மியர் அல்லர், படைவீரரும் அல்லர். அவர் மான்செஸ்டர் நகரில் கடைசல் இயந்திரங்களும் இழைப்பு இயந்திரங்களும் செய்து விற்ற பொறியாளர் ஜோசப் விட்வொர்த். அவருடைய பெயரை அறியாதவர்கள்கூட அவர் வகுத்த அளவைக் கையாண்டிருக்கக் கூடும். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய இயந்திரம் ஒன்றைப் பிரிக்கும்போது, இது மெட்ரிக் மரை அன்று, பி.எஸ்.டபிள்யூ. மரை என்று மூத்த தொழிலாளர் சொல்வதைக் கேட்டிருப்போம். அதில் உள்ள கடைசி எழுத்து விட்வொர்த்தைக் குறிப்பது.

1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் அவர் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பின்னர் கிறிஸ்தவப் போதகரானவர். விட்வொர்த் சிறுவனாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். 14 வயதில், டெர்பிஷையரில் இருந்த மாமனின் பருத்தி ஆலைக்கு அவர் அனுப்பப்பட்டார். ஆலையை நிர்வகிக்கும் பங்காளியாக அவர் வளர வேண்டும் என்பது குடும்பத்தின் எண்ணம். அவருடைய மனமோ கணக்குப் புத்தகத்தில் ஒட்டவில்லை. நூல் நூற்ற இயந்திரங்களிலேயே ஒட்டியது. அந்த இயந்திரங்கள் எவ்வளவு கரடுமுரடாகச் செய்யப்பட்டிருந்தன என்பது அவர் கண்ணை உறுத்தியது. சில ஆண்டுகளில் ஆலையை விட்டு வெளியேறி, மான்செஸ்டரில் சாதாரணத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார்.

1825-இல் அவர் லண்டனுக்குப் போனார். ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையே அன்று நுட்பமான இயந்திர வேலைக்குப் பெயர்பெற்ற இடம். அங்கும், பின்னர் ஹோல்ட்ஸாப்ஃபெல், ஜோசப் கிளெமென்ட் ஆகியோரின் பட்டறைகளிலும் அவர் தொழில் கற்றார். சார்லஸ் பாபேஜின் புகழ்பெற்ற கணக்கிடும் இயந்திரத்துக்கான பாகங்களைச் செய்துகொண்டிருந்தவர் இந்தக் கிளெமென்ட்தான். அளவு சற்றே பிசகினாலும் ஆயிரக்கணக்கான பற்சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும் ஓர் இயந்திரத்தின் அருகில் நின்று கற்ற பாடம், விட்வொர்த்தின் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது. 1833-இல் மான்செஸ்டருக்குத் திரும்பி, நீராவி விசையோடு ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தத் தொழில் தொடங்கினார்.

அவருடைய முதல் சாதனை பார்ப்பதற்கு மிக எளியது: உண்மையிலேயே தட்டையான ஓர் இரும்புப் பரப்பு. அதுவரை இரண்டு தகடுகளுக்கு இடையே குருந்தக்கல் பொடியைத் தூவி, ஒன்றன் மேல் ஒன்றைத் தேய்த்துத் தட்டையாக்குவது வழக்கம். இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும். ஆனால், ஒன்று சற்றே குழிந்தும் மற்றொன்று சற்றே மேடாகவும் இருக்கலாம். பொருத்தம் இருப்பதாலேயே பிழை மறைந்துவிடும். இதற்கு மூன்று தகடுகளை எடுத்துக்கொள்வதே தீர்வு. முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது முதலாவதோடும் பொருந்த வேண்டும். மூன்றும் மாறி மாறிப் பொருந்தினால் அவை தட்டையாக மட்டுமே இருக்க முடியும். சாயம் பூசி, சாயம் ஒட்டும் மேடுகளை மட்டும் கையால் சுரண்டி எடுப்பது முறை. மாட்ஸ்லேயின் பட்டறையில் இதன் வேர்கள் இருந்தன என்பது உண்மையே. ஆனால், அதை ஒரு தெளிவான செய்முறையாக வகுத்து, 1840-இல் கிளாஸ்கோவில் கூடிய அறிவியலாளர்கள் முன் வைத்தவர் விட்வொர்த்.

அடுத்த ஆண்டில் அவர் கையில் எடுத்தது திருகாணி. அன்று ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஓரிடத்தில் செய்த நட்டு இன்னோரிடத்தில் செய்த போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து, அவற்றின் சராசரியைக் கண்டு, 55 பாகைக் கோணமும் ஒவ்வொரு பருமனுக்கும் இத்தனை மரை என்ற கணக்கும் வகுத்தார். ரயில்வே நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகு நாடே ஏற்றுக்கொண்டது. ரயில் பாதைகளோடு அது இந்தியாவுக்கும் வந்தது.

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவர் வைத்த அளவிடும் கருவி பார்த்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது. அதன் கணக்கு அழகானது. அங்குலத்துக்கு 20 மரை கொண்ட ஒரு திருகு. அதன் மேல் 200 பல் கொண்ட ஒரு சக்கரம். அதைச் சுழற்றும் இன்னொரு சக்கரத்தில் 250 கோடுகள். மூன்றையும் பெருக்கினால் 10 லட்சம். ஒரு கோட்டளவு திருப்பினால், அங்குலத்தில் 10 லட்சத்தில் ஒரு பங்கு நகர்வு கிடைக்கும். நம் கொத்தனார்களும் தச்சர்களும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். அந்த ஒரு நூலை 1,25,000 கூறாக்கிப் பார்த்தவர் என்று சொன்னால், அவருடைய பிடிவாதம் எத்தகையது என்பது விளங்கும்.

இப்படிப்பட்டவரைத்தான் 1854-இல் பிரிட்டிஷ் அரசு அணுகியது. கிரிமியப் போர் தொடங்கியிருந்த நேரம். புதிதாக ஏற்கப்பட்டிருந்த 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. பர்மிங்ஹாமின் கைவினைப் பட்டறைகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முன்பு இந்தியாவில் தலைமை ஆளுநராக இருந்த ஹார்டிஞ்ச் பிரபுதான் அப்போது படைத் தலைவர். துப்பாக்கிகளை விரைந்து செய்யும் இயந்திரங்களை வடிவமைத்துத் தருமாறு விட்வொர்த்திடம் கேட்கப்பட்டது. வேறொரு வணிகராக இருந்தால் உடனே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார். விட்வொர்த் மறுத்துவிட்டார். ஒரு துப்பாக்கி ஏன் நன்றாகச் சுடுகிறது, இன்னொன்று ஏன் சிதறுகிறது என்று எவருக்கும் தெரியாத நிலையில், அதையே ஆயிரக்கணக்கில் செய்ய இயந்திரம் கட்டுவது பிழையை ஆயிரக்கணக்கில் பெருக்குவதாகும் என்பது அவருடைய நிலைப்பாடு. முதலில் ஆராய்ச்சி, பிறகு இயந்திரம் என்று அவர் வலியுறுத்தினார். அதற்காகத் தமக்குச் சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் அரசு ஏற்றால் போதும் என்றார். போர் நடக்கும்போது அரசிடம் இப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

மான்செஸ்டரை அடுத்த ஃபாலோஃபீல்டில், ஃபர்ஸ் என்ற தம் வீட்டின் தோட்டத்தில் அவர் ஒரு நீண்ட கூடத்தை எழுப்பினார். 500 கஜ நீளம், அதாவது ஏறத்தாழ 457 மீட்டர், 16 அடி அகலம், 20 அடி உயரம், மேலே கூரை. கட்டி முடித்த சில நாள்களில் புயல்காற்று அதைச் சாய்த்துவிட்டது. மீண்டும் கட்டி, 1855-இன் வசந்த காலத்தில் சோதனைகளைத் தொடங்கினார்.

இந்தக் கூடம் இருந்ததன் பயனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெட்டவெளியில் சுட்டால் காற்றின் தள்ளுதல் ஒவ்வொரு முறையும் மாறும். குண்டு விலகியது துப்பாக்கியாலா, காற்றாலா என்று பிரித்தறிய இயலாது. கூரையும் சுவரும் காற்றை நீக்கிவிட்டன. துப்பாக்கியை மனிதத் தோளில் வைக்காமல் அசையாத் தாங்கியில் பொருத்தியதால் சுடுபவரின் நடுக்கமும் நீங்கிவிட்டது. எஞ்சியவை மூன்றே: குழல், குண்டு, மருந்து. அவற்றிலும் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் அப்படியே வைத்துச் சுட்டார். அந்தக் கூடத்தின் நீளம் நெடுகிலும் இடைவெளி விட்டு மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். குண்டு ஒவ்வொரு திரையையும் துளைத்துச் செல்லும்போது தன் பாதையை எழுதிவிட்டுப் போயிற்று. துளை வட்டமாக இருந்தால் குண்டு முனை முன்னாகப் பறந்தது என்று பொருள். துளை நீண்டிருந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டது என்று பொருள். எந்தத் தொலைவில் புரளத் தொடங்கியது என்பதையும் திரைகள் காட்டின. இலக்குப் பலகையில் விழுந்த துளையை மட்டும் பார்ப்பவருக்கு முடிவு மட்டுமே தெரியும். அந்தக் காகிதங்கள் காரணத்தைக் காட்டின.

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகுபோல் வளைந்து செல்லும் பள்ளங்கள் எதற்கு என்பது வாசகர்கள் அறிந்ததே. பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறது; சுழற்சி தளர்ந்தால் தள்ளாடிச் சாய்கிறது. காற்றைக் கிழித்துச் செல்லும் குண்டும் அப்படித்தான். என்ஃபீல்டு குழலின் துளை 0.577 அங்குலம். அதன் பள்ளங்கள் 78 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று வளைந்தன. குழலின் நீளமோ 39 அங்குலம். ஆகவே, குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். இதைவிட விரைந்த வளைவு கொடுத்தால் குண்டு பள்ளத்தைப் பிடிக்காமல் வழுக்கிவிடும், துப்பாக்கி கடுமையாக உதைக்கும் என்பன போன்ற அச்சங்கள் துப்பாக்கித் தொழிலில் வேரூன்றியிருந்தன. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, எல்லாரும் நம்பினார்கள்.

விட்வொர்த் சோதித்துப் பார்த்தார். 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதில் தொடங்கி, வளைவைப் படிப்படியாக விரைவாக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஓர் அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற நம்ப முடியாத அளவுக்கும் குழல் செய்து சுட்டார். அது பயன்பாட்டுக்கானது அன்று. அச்சத்தின் எல்லை எது என்று அறிவதற்கானது. முடிவில் அவர் தேர்ந்தது 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் துளையை ஏறத்தாழ 0.45 அங்குலமாகக் குறைத்தார். குண்டின் எடை மட்டும் என்ஃபீல்டு குண்டின் அதே 530 கிரெயின். எடை மாறாமல் பருமன் குறைந்தால் நீளம் கூடும். நீண்ட, ஒல்லியான குண்டு காற்றை எளிதாகக் கிழிக்கும், நெடுந்தொலைவு வேகம் குன்றாது. ஆனால், அதை நிமிர்த்தி வைக்க விரைந்த சுழற்சி வேண்டும். பருமன், நீளம், சுழற்சி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஒன்றைத் தனியே மாற்றிப் பயனில்லை. அவருடைய ஆராய்ச்சியின் சாரம் இதுவே.

குழலின் துளையை அவர் வட்டமாக விடாமல் அறுகோணமாக்கினார்; குண்டையும் அதற்கேற்ப அறுகோணமாகத் திருகி வார்த்தார். தட்டையான பரப்புகளின் மீது அவருக்கிருந்த காதல் இங்கும் வெளிப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. உலகம் அவருடைய துப்பாக்கியை இந்த அறுகோணத்தால்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், சாதாரண உருளை வடிவ ஈயக் குண்டை அதே குழலில் இட்டுச் சுட்டபோதும் அது வெடிப்பின் விசையில் விரிந்து, அறுகோணத்தைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய அதே துல்லியத்தோடு பாய்ந்தது. அப்படியானால், துல்லியத்தின் மூலகாரணம் அறுகோணம் அன்று. பருமனுக்கும் சுழற்சிக்கும் இடையே அமைந்த பொருத்தமும், குழலைத் துளைத்த வேலையின் நேர்த்தியுமே. இதை அவருடைய சோதனைகளே காட்டின. ஆயினும் அறுகோணத்தை அவர் கைவிடவில்லை. பிறருடைய நம்பிக்கைகளைத் தயங்காமல் சோதனைக்கு உட்படுத்தியவர், தம் சொந்தக் கண்டுபிடிப்பின் மீது அதே கடுமையைக் காட்டவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

1857 ஏப்ரலில் ஹைத் நகரில் இருந்த துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில், போர்த்துறை அமைச்சர் பான்மூர் பிரபுவின் முன்னிலையில் இரு துப்பாக்கிகளும் மோதின. 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி; விட்வொர்த்தின் விலகல் 0.37 அடி. தொலைவு கூடக்கூட இடைவெளி பெருகியது. 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்குப் பலகையையே தொடவில்லை. விட்வொர்த்தின் குண்டுகள் அங்கும் பலகையைத் தேடிச் சென்றன.

அதே ஏப்ரல் மாதம் 8-ஆம் தேதி, வங்காளத்தின் பாரக்பூரில் மங்கள் பாண்டே தூக்கிலிடப்பட்டார். கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் பற்றி அங்கே மூண்ட கொந்தளிப்புக்குக் காரணமான துப்பாக்கியும் இதே என்ஃபீல்டுதான். ஓரிடத்தில் அதன் குழலை அளந்துகொண்டிருந்தார்கள்; மற்றோரிடத்தில் அதை ஏந்த வேண்டியவர்களின் மனத்தை அளக்கத் தவறினார்கள்.

இவ்வளவு தெளிவான வெற்றிக்குப் பிறகும் அரசு அந்தத் துப்பாக்கியை ஏற்கவில்லை. 0.45 அங்குலத் துளை படைத் துப்பாக்கிக்கு மிகச் சிறியது என்றது அரசு அமைத்த குழு. கரிமருந்தின் கசடு படிந்தால், குறுகிய குழலில் வாய்வழியே குண்டு இறக்குவது கடினம் என்பது மற்றொரு குறை. விலையோ என்ஃபீல்டைப் போல் பல மடங்கு. இவற்றுள் கசடும் விலையும் நேர்மையான காரணங்கள். சகதியிலும் மழையிலும் நிற்கும் ஒரு சிப்பாய்க்கு, நூறு முறை சுட்ட பின்னும் எளிதில் நிரப்பக்கூடிய துப்பாக்கிதான் தேவை. 1,400 கஜத் துல்லியம் அவனுக்கு இரண்டாம்பட்சம். ஆனால், துளை சிறியது என்ற வாதத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. பழக்கத்தின் குரலே அது. 1869-இல் மற்றொரு குழு கூடி, படைத் துப்பாக்கிக்கு 0.45 அங்குலமே ஏற்றது என்று முடிவு செய்தது. 1871-இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் துளை 0.45 அங்குலம், சுழற்சி 22 அங்குலத்துக்கு ஒன்று. விட்வொர்த்தின் எண்களிலிருந்து அது அதிகம் விலகவில்லை. அறுகோணம் மட்டும் அதில் இல்லை.

படை ஏற்காததை இலக்குச் சுடுவோரும் மான் வேட்டைக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசி சுட்டது, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் துப்பாக்கியால். பட்டுக் கயிற்றை அவர் இழுத்ததும், 400 கஜத்துக்கு அப்பால் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. அந்த ஆண்டு அரசியின் பரிசை வென்ற எட்வர்ட் ராஸ், பெயர்பெற்ற ஸ்காட்லாந்து மான் வேட்டைக்காரர் ஹோரேஷியோ ராஸின் மகன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே துப்பாக்கி தென்மாநிலப் படையின் தேர்ந்த குறிகாரர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவற்றுள் சிலவற்றின் பக்கவாட்டில் டேவிட்சன் என்பவர் வடிவமைத்த தொலைநோக்கி பொருத்தப்பட்டிருந்தது. அவர் இந்தியாவில் பம்பாய்ப் படையில் பணியாற்றிய அதிகாரி. 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் வடமாநிலத் தளபதி ஜான் செட்ஜ்விக்கை நெடுந்தொலைவிலிருந்து வீழ்த்தியது விட்வொர்த் துப்பாக்கியே என்று பரவலாக நம்பப்படுகிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட ஒரு படைக்கு, தம் நாட்டு அரசு மறுத்த துல்லியம் பயன்பட்டது. அதைப் பற்றி விட்வொர்த் வருந்தியதற்கான அடையாளம் அவருடைய வாழ்வில் தென்படவில்லை. அளவின் தூய்மையை அவ்வளவு நேசித்த மனிதர், அளந்து செய்த பொருள் யார் கையில் என்ன செய்கிறது என்பதைத் தம் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய காலத்துப் பொறியாளர்கள் பலரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது விளக்கமாகலாம், விலக்கு ஆகாது.

பின்னர் வந்த துப்பாக்கிகளின் வரலாறு அவர் காட்டிய திசையிலேயே சென்றது. 1888-இல் பிரிட்டன் ஏற்ற லீ மெட்ஃபோர்டு, கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் வகைத் துப்பாக்கி. அதன் துளை 0.303 அங்குலம், சுழற்சி 10 அங்குலத்துக்கு ஒன்று. துளை சிறுத்தது, சுழற்சி விரைந்தது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கியும் 0.275 என்று குறிக்கப்படும் சிறு துளை போல்ட் வகையே.

இத்தகைய ஒரு வேட்டைத் துப்பாக்கி இன்று திடீரெனச் சிதறிச் சுடத் தொடங்கினால், நல்ல கம்மியர் செய்வது விட்வொர்த் தம் கூடத்தில் செய்ததையே. அவர் குழலை உடனே மாற்றச் சொல்ல மாட்டார். முதலில் துப்பாக்கியை மணல் மூட்டையின் மீது நிலையாக வைத்து, ஒரே வகைத் தோட்டாவால் சில முறை சுட்டுப் பார்ப்பார். தொலைநோக்கியைத் தாங்கும் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா, இரும்புப் பகுதியை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகாணிகள் ஒரே சீராக இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பார். பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிடும். இல்லையெனில், மழைக்காலத்தில் ஊறிப் பருத்த மரக்கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்துகிறதா என்று, இரண்டுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை ஓட்டிப் பார்ப்பார். குழலுக்குள் படிந்த செம்புக் கசடைத் துடைப்பார். குழலின் வாய்விளிம்பில் ஒரு சிறு வடு இருந்தாலும், வெளியேறும் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். முதல் இரண்டு குண்டுகள் சரியாகப் பாய்ந்து, குழல் சூடேறிய பிறகு மற்றவை விலகினால், அது வேறொரு கதை. காகிதத்தில் விழுந்த துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால், குண்டின் நீளத்துக்கும் குழலின் சுழற்சிக்கும் பொருத்தமில்லை என்பது முதல் ஐயமாகும். வேறு எடையுள்ள தோட்டாவுக்கு மாறிப் பார்ப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மீண்டும் சுடுவார். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை முடிந்த கதை. துப்பாக்கி சுடும் களங்களில் பதக்கத்துக்காகப் பயிலும் நம் இளைஞர்களோ இதே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறார்கள்.

விட்வொர்த்தின் பிற்காலம் கசப்பும் செல்வமும் கலந்தது. பீரங்கித் துறையில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்குடன் அவர் நடத்திய போட்டி ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆம்ஸ்ட்ராங் அரசுப் பதவியில் இருந்துகொண்டே அரசுக்குப் பீரங்கி வழங்கியதால், தம் பீரங்கிக்கு நடுநிலையான தேர்வு கிடைக்கவில்லை என்று விட்வொர்த் கடைசிவரை நம்பினார். வெடித்துச் சிதறாத குழலுக்குக் குற்றமற்ற எஃகு வேண்டும் என்பதால், உருகிய எஃகைக் கடும் அழுத்தத்தில் இறுகவைத்துக் காற்றுக் குமிழிகளை நீக்கும் முறையை உருவாக்கினார். 1897-இல், இருவரும் வளர்த்த நிறுவனங்கள் ஒன்றாக இணைந்து ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் என்ற பெயரைத் தாங்கின. அதைப் பார்க்க விட்வொர்த் உயிரோடு இல்லை.

1868-இல், ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை அவர் நிறுவினார். ஏட்டறிவு மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும். கைத்திறன் மட்டும் போதாது, கணக்கும் இயற்பியலும் வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. ஆலைத் தொழிலாளியாகத் தொடங்கியவர் விதித்த நிபந்தனை அது. அடுத்த ஆண்டில் அவருக்குப் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. சிறிய துளையே சரி என்று அரசின் குழு ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டில்தான். 1874-இல் தம் நிறுவனத்தைப் பங்கு நிறுவனமாக்கியபோது, தொழிலாளர்களும் பங்கு பெற வழி செய்தார்.

1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் அவர் காலமானார்; டெர்பிஷையரின் டார்லி டேலில் அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் இல்லாததால் அவருடைய செல்வத்தின் பெரும் பகுதி மான்செஸ்டரின் கலைக்கூடத்துக்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போய்ச் சேர்ந்தது. குண்டுகள் காகிதத் திரைகளைத் துளைத்த அந்த ஃபாலோஃபீல்டு வீட்டில் பின்னர் நெடுங்காலம் குடியிருந்தவர் மான்செஸ்டர் கார்டியன் நாளிதழின் ஆசிரியர் சி.பி. ஸ்காட். அங்கிருந்து சைக்கிளில் அலுவலகம் போய்வந்த அவர், 1932-இன் முதல் நாளில் அதே வீட்டில் இறந்தார். அதன் பிறகு அந்த வீடு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. சோதனைக் கூடம் இருந்த அந்தத் தோட்டத்தில் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை செடிகளை வளர்த்தது.